பார்வோ வந்த குட்டிக்கு ஈரல் டானிக் கொடுக்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். இரண்டரை மாத நாட்டு நாய்க்குட்டிக்கு ஐந்து நாளாக வாந்தி, ரத்தபேதி. பார்வோ என்ற வைரஸ் நோய் என்று தினமும் டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். நேற்றிலிருந்து வாந்தி நின்றிருக்கிறது. தருமபுரியில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் ஈரல் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற அளவு 230, ஏஎல்பி என்ற இன்னொன்றும் அதிகம். ஈரல் கெட்டுவிட்டதா? மாமியார் கீழாநெல்லியை மோரில் அரைத்து ஊற்றச் சொல்கிறார். வீட்டில் எங்களுக்கு வாங்கிய ஈரல் டானிக்கும் இருக்கிறது. 45ஆம் நாள் தடுப்பூசி போட்டும் ஏன் வந்தது?

பதில்: கீழாநெல்லியும் வேண்டாம், டானிக்கும் வேண்டாம், இப்போதைக்கு. மருந்து நல்லதா கெட்டதா என்பது அப்புறம். சோர்ந்து கிடக்கும் குட்டியின் வாயைப் பிளந்து எதையாவது ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். பார்வோவில் தப்பித்து நிமோனியாவில் போன குட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஈரல் கெட்டுவிட்டது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அடிபட்டிருக்கிறது. பார்வோ வைரஸ் வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப் போகும். குடலின் உள்சவ்வும் எலும்பு மஜ்ஜையும்தான் அதற்கு முதல் இரை. ஈரல் அதன் நேரடிக் குறி அல்ல. ஆனால் குடல்சவ்வு உரிந்துபோனால் அங்கிருக்கும் பாக்டீரியாவும் நச்சும் ரத்தத்தில் கலக்கும். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் போய் நிற்பது ஈரல் வாசலில். போதாததற்கு, பேதியில் உடம்பு வற்றி ஈரலுக்குப் போகும் ரத்தமும் குறைந்துவிடும். அந்த இரட்டை அடியில் ஈரல் செல்களிலிருந்து கசிந்ததுதான் உங்கள் 230. அடி பட்டது என்று அந்த எண் சொல்லும். ஈரல் வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்லாது. ஏஎல்பியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எலும்பு வளரும் வயதில் குட்டிகளுக்கு அது கூடுதலாகத்தான் இருக்கும்.

ஆகவே இப்போது ஏறுகிற டிரிப்ஸ்தான் ஈரலுக்கும் வைத்தியம். ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, சர்க்கரை, அல்புமின் என்ற ரத்தப் புரதம். குட்டிகளின் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு ரொம்பக் குறைவு. சாப்பிடாமல் கிடந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். குட்டி திடீரென்று துவண்டாலோ, நடுங்கினாலோ, விரலில் கொஞ்சம் குளுக்கோஸ் கரைசலைத் தொட்டு ஈறில் தடவிவிட்டு உடனே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வாந்தி நின்றுவிட்டதால் வயிற்றைக் காயப்போடாதீர்கள். குழைந்த சோற்றுக் கஞ்சியில் தோல் நீக்கி வேகவைத்த கோழியை நூலாகப் பிய்த்துப் போட்டு, ஒரு ஸ்பூன் அளவில் இரண்டு மணிக்கொரு முறை முன்னால் வையுங்கள். தானாக நக்கட்டும். வெங்காயம், பூண்டு கூடாது. பாலும் புளித்த கூழும் இப்போது வேண்டாம். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், நாயின் ஈரலுக்கு அதுதான் நிஜமான எமன்.

தினமும் காலை வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையையும் காது மடலின் உட்பக்கத்தையும் பாருங்கள். மஞ்சள் தட்டினாலோ, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனாலோ, பார்வோவோடு வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். எலிக் காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், நாய்களுக்கென்றே உள்ள ஈரல் அழற்சி வைரஸ், இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். பார்வோ மனிதருக்கு ஒட்டாது. எலிக் காய்ச்சல் ஒட்டும். அதனால் குட்டியின் சிறுநீரையும் பேதியையும் கையுறை போட்டுத் துடையுங்கள்.

ஊசி விஷயம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி சில வாரங்கள் குட்டியின் உடம்பில் இருக்கும். அது தடுப்பூசியையும் மடக்கிவிடும். அதனால்தான் ஒன்றோடு நிறுத்தாமல், 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்று போடச் சொல்கிறோம். இந்தக் குட்டி தேறிய பிறகு மீதி ஊசிகளையும் போட்டுவிடுங்கள், மற்ற நோய்களுக்கும் அதில் காப்பு உண்டு. மூன்று வாரம் கழித்து எஸ்ஜிபிடி மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் ஈரலுக்கான மருந்தைப் பேசலாம்.

வாசல் மண்ணில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், பினாயிலுக்கு மசியாது. சிமெண்ட் தரையை நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பக்கத்து வீட்டில் ஊசி போடாத குட்டி இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.