குட்டிக் குழாய்ல காத்து எப்படி ஈஸியா போகுது?

கேள்வி: தண்ணி பைப் மெலிசா இருந்தா ஃபோர்ஸ் பத்தாது, அது எல்லாருக்கும் தெரியும். நுரையீரல்லயும் ரொம்ப மெலிசான குழாய்ங்க இருக்காமே, அப்ப அங்கதானே காத்து சிக்கணும்? இன்ஜினியரிங் படிக்கற என் பையன் "இல்லப்பா, கணக்கு போட்டா வேற மாதிரி வருது"ன்றான். யார் சொல்றது சரி?

பதில்: பையன்தாங்க. ஆனா ஒத்தக் குழாயை மட்டும் பார்த்தா நீங்க சொல்றதும் கரெக்ட், பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல வர்ற பாய்சொய் விதிப்படி ஆரம் பாதியானா தடை 16 மடங்கு ஏறிடும். நுரையீரல்தான் ஒத்தக் குழாய் இல்லையே, தலைகீழா நிக்கற மரம்! சுவிட்சர்லாந்துக்காரர் எவால்ட் வைபெல் 1963ல ஒரு மாடல் குடுத்தார், இன்னிக்கும் பல பேர் கணக்கை அதுலேருந்துதான் ஆரம்பிக்கறாங்க. மூச்சுக்குழாய் 23 தடவை ரெண்டு ரெண்டா பிரிஞ்சு கடைசில 80 லட்சத்துக்கும் மேல கிளை. மேல சுமார் 2.5 சதுர செ.மீ. இருந்த வழி, 16வது பிரிவுல எல்லாத்தையும் கூட்டினா 180 சதுர செ.மீ. ஆயிடுது. கோயில்ல ஒரே வாசல்னா நெரிசல், சந்து சந்தா ஆயிரம் வாசல் தெறந்துவிட்டா ஆளாளுக்கு ஹாயா போயிடுவாங்கல்ல, அதான். 2 மி.மீ.க்கும் கம்மியான குழாய்ங்க எல்லாம் சேர்ந்தே மொத்த தடையில 20 சதவீதம்கூட வராது, பெரும்பங்கு நடுத்தரக் குழாய்ங்கள்லதான்.

எனக்குப் பிடிச்ச நம்பர் ஒண்ணு இருக்கு, 0.79. ஒவ்வொரு பிரிவுலயும் குழாயோட அகலமும் நீளமும் முந்தினதுல 0.79 பங்கா இருந்தா, ஒவ்வொரு படியிலயும் தடை ஒரே அளவு. நம்ம நுரையீரல்ல உள்ள போகப்போக இது கிட்டத்தட்ட 0.85, அதாவது கொஞ்சம் தாராளமாவே கட்டியிருக்கு, ரிசர்வ் மாதிரி. ஆஸ்துமால குழாய் சுருங்கி இந்த விகிதம் 0.75க்கு இறங்குதுன்னு வெச்சுக்கங்க, வட்டிக்கு வட்டி கதைதான், பத்து பிரிவு தாண்டறதுக்குள்ள தடை அஞ்சு மடங்குக்கு மேல போயிடும்.

ஆனா பையன்கிட்ட இதையும் சொல்லுங்க: குட்டிக் குழாய்ல தடை கம்மிங்கறது நல்ல சேதி மட்டும் இல்ல. சிகரெட்டால வர்ற கெடுதல் பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்குது, நிறைய குழாய் அடைச்ச பிறகும் ஊதிப் பார்க்கற டெஸ்ட்ல நார்மல்னே வரலாம். அந்த ஏரியாவுக்கு டாக்டர்கள் வெச்ச பேரே சைலன்ட் ஸோன்.