தந்தையின் தொழில் என்ற கட்டம்

கேள்வி: நாங்கள் பாம்பனில் இருக்கிறோம், கத்தோலிக்கக் குடும்பம். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். மகன் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டான், நன்றாகப் படிப்பான். மதுரையில் சாமியார்கள் நடத்தும் ஆண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்த்து, விடுதியில் விட நினைக்கிறேன். கலாம் மாதிரி வர வேண்டும் என்று ஆசை. ஓரியூர் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டோம், பங்குத்தந்தையும் கடிதம் கொடுத்துவிட்டார். பெரிய பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம் என்பதால், விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த மகன், “அப்பா என்ன வியாபாரம்மா பாக்குறாக?” என்றான். சும்மா இருடா என்றேன். தமிழ் வழியா, ஆங்கில வழியா? ஆண்கள் மட்டும் படிக்கும் பள்ளி நல்லதா? இந்த வயதில் விடுதி சரிவருமா? மாமியார் வேண்டாம் என்கிறார்.
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: தங்கச்சி, உங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன், ஆனால் அப்புறம். முதலில் உங்கள் மகன் கேட்ட கேள்வியை எடுத்துக்கொள்வோம். அப்பா என்ன வியாபாரம் பார்க்கிறார்? சொல்லுங்கள்.

அவன் குறும்புக்குக் கேட்கவில்லை. அப்பா தோளில் போட்டு வரும் ஈரத் துண்டையும், ஐஸ் பெட்டியையும், பழுது பார்க்க வீட்டு வாசலில் கிடக்கும் வலையையும் பார்த்து வளர்ந்தவன். எழுத்துக்கூட்டி ‘வியாபாரம்’ என்று படித்ததும் உண்மையாகவே குழம்பித்தான் கேட்டிருக்கிறான். ‘சும்மா இருடா’ என்று நீங்கள் சொன்னதும் அவனுக்கு எல்லாம் புரிந்திருக்கும். போகிற இடத்தில் அப்பாவைப் பற்றிப் பேசக் கூடாது, அம்மாவே மறைக்கிற விஷயம் அது. பள்ளி திறக்கும் முன்பே முதல் பாடத்தை நீங்களே நடத்திவிட்டீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம்தான். அதை மறைக்கப் போவதில்லை.

நம் கரையில் ‘தொழிலுக்குப் போயிருக்காக’ என்றால் யாராவது எந்தத் தொழில் என்று கேட்பார்களா? தொழில் என்றாலே கடல்தான். ‘தந்தையின் தொழில்’ என்று அச்சடித்திருந்த இடத்தில் உங்கள் வீட்டுச் சொல்லே பாதி இருந்தது. அதன் பக்கத்தில் கொண்டுபோய் இல்லாத ஒரு கடையைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

என் அப்பாவும் கடல்தொழில்தான். தேவிபட்டினம் பக்கம். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நான் ஆறாவது சேரும்போது எழுத்தர், கேட்காமலே ‘கூலி’ என்று எழுதப் போனார். “இல்ல சார், கடல்தொழில்னு எழுதுங்க” என்றார் அப்பா. எழுதி முடித்ததும் அந்தச் சொல்லின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக நகர்த்திப் பார்த்தார். தூண்டில் கயிறு அறுத்து அறுத்து அந்த விரலின் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தார்.

அதிலும் எந்தப் பள்ளியில் போய் மறைத்திருக்கிறீர்கள்! இயேசுவின் சீடர்களான இராயப்பரும் (பேதுரு) பெலவேந்திரரும் (அந்திரேயா) என்ன வியாபாரம் பார்த்தார்கள்? வலை வீசிக்கொண்டிருந்த அண்ணன் தம்பிகள்தானே? போப்பாண்டவர் கையில் போடும் மோதிரத்துக்கே மீனவர் மோதிரம் என்றுதான் பெயர். பிறகு கலாம். அவருடைய அப்பா ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிப் போகும் படகு வைத்திருந்தவர். குடியரசுத் தலைவரான பிறகும் கலாம் அதை ஊரறியச் சொன்னார். பிள்ளை அவர் மாதிரி வர வேண்டும் என்று ஆசைப்படுகிற நீங்கள், இதை மட்டும் விட்டுவிட்டால் எப்படி?

மகன் கடலுக்குப் போகக் கூடாது என்று நீங்கள் நினைப்பதை நான் தப்பு சொல்ல மாட்டேன். 1964 புயலில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இலங்கைக் கடற்படை படகோடு பிடித்துக்கொண்டு போய், ஆள் எப்போது திரும்புவார் என்று தெரியாமல் அழுத வீடுகள் நம் தெருவிலேயே உண்டு. அந்தப் பயம் நியாயமானது. பயந்து பிள்ளையைக் கரையேற்றுங்கள், நானும் கை கொடுக்கிறேன். ஆனால் விண்ணப்பத்தில் அந்தச் சொல்லை எழுதியது பயம் இல்லை, வெட்கம். அந்த வெட்கத்தையும் பெட்டியில் வைத்து விடுதிக்கு அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்க்க வந்தால், கூடப் படிக்கிறவர்களிடம் அவரை யார் என்று சொல்வான் அவன்?

காசு விஷயத்துக்கும் வருவோம். விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக் கட்டணம், விடுதிக் கட்டணம், சீருடை எல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான் வரும். கையில் வருமானம் இல்லாத நாளில் தலைமையாசிரியர் ஃபாதரிடம் போய், “இரண்டு தவணையாகக் கட்டுகிறோம்” என்று கேட்க வேண்டி வரும். வியாபாரிக்கு ஏது தடைக்காலம்? உள்ளதை எழுதியிருந்தால், நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே அவருக்குப் புரியும்.

சரி, உங்கள் கேள்விகள். அரசு உதவி பெறும் பள்ளியாக இருந்தால் தமிழ் வழியில் சேருங்கள். ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, பாடப்புத்தகம் இலவசம். பல பள்ளிகளில் அதே வளாகத்திலேயே ஆங்கில வழிப் பிரிவு சுயநிதியாக நடக்கும், கட்டணச் சுமை அங்கேதான். 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பையன்களுக்கும் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஆனால் ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத இடம், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். மறு வருடமே பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு அதில் பங்கு கிடையாது. ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியை விட்டு வெளியே வந்தால் அந்தக் கதவு மூடிவிடும். டாக்டர் கனவு இருந்தால், வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

ஆண்கள் பள்ளியால் பையன் கெட மாட்டான். விடுதியில் தட்டை அவனே கழுவுவான். லீவுக்கு வந்ததும் அதை நீங்கள் வாங்கிக் கழுவாமல் இருந்தால் போதும்.

விடுதி பற்றி மாமியார் வேண்டாம் என்கிறார், நீங்கள் வேண்டும் என்கிறீர்கள். உங்கள் கணவர் என்ன சொல்கிறார்? கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அவர் சொன்னதாக ஒரு வார்த்தை இல்லை. விண்ணப்பத்தில் அவர் தொழில் இல்லை, கடிதத்தில் அவர் பேச்சு இல்லை. அவரிடம் கேளுங்கள். மகனிடமும் கேளுங்கள். இருவரும் சரி என்றால் விடுதியில் விடலாம், பத்து வயதில் போய் நன்றாக வந்த பிள்ளைகள் நிறையப் பேர். இருவரில் ஒருவர் மனசில்லாமல் தலையாட்டினாலும், எட்டாவது வரை வீட்டிலிருந்தே படிக்கட்டும். ஒன்பதாவதில் பார்த்துக்கொள்ளலாம்.

எப்படி முடிவெடுத்தாலும், முதலில் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “அன்றைக்கு அம்மா தப்பாக எழுதிவிட்டேன்” என்று சொல்லுங்கள். அப்புறம் பள்ளிக்குப் போய், விண்ணப்பத்தில் ஒரு திருத்தம் என்று கேளுங்கள். பதிவேட்டில் ஏறும் முன் ஒரு கோடு போட்டு மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சொல்லை நீங்கள் எழுத வேண்டாம், அவர் எழுதட்டும். ஜூன் 14 வரை கரையில்தானே இருக்கிறார், கூட்டிக்கொண்டு போங்கள்.