எட்டு வாரத் தாராக் குஞ்சில் ஆண் எது, பெட்டை எது?

தெகிவளையில் உங்கள் பின்வளவில் நிற்கும் ஏழு வெள்ளைத் தாராக் குஞ்சுகளுக்கும் எட்டு வாரமாகிறது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளைத் தாராவில் நிறம் உதவாது, சத்தத்தைக் கேளுங்கள். இது அதற்குச் சரியான வயது.

ஒவ்வொன்றாக, சிறகோடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். காலிலோ கழுத்திலோ பிடித்துத் தூக்க வேண்டாம், பாவம். பெட்டை என்றால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி 'குவாக் குவாக்' என்று கத்தும். ஆணுக்கோ தடிமன் பிடித்தவர் பேசுவது போலக் கரகரத்த, அடங்கிய குரல். கத்தியதன் காலில் கலர் நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். கால் பருக்கப் பருக்க நூலைத் தளர்த்த மறக்க வேண்டாம்.

மூன்று நான்கு மாதத்தில் ஆணின் வால் மேல் ஓரிரு இறகு சுருண்டு நிற்கும். இறகு உதிரும் காலத்தில் அதுவும் விழுந்துவிடும்.

முகத்தில் சிவப்புச் சதை வளரும் மஸ்கோவி இனம் என்றால் இந்தக் கணக்கு வேறு: அதில் ஆண் சீறும், உடம்பும் பெட்டையைவிட மிகப் பெரிது.

நான்கைந்து பெட்டைக்கு ஓர் ஆண் போதும். கூடினால் பெட்டைகளின் பின்கழுத்து இறகு பிடுங்கப்பட்டுப் புண்ணாகிவிடும்.