தாய்லாந்தில் மகள்கள் அடைக்கும் கடன்

அன்புள்ள சார்,

தாய்லாந்துப் புத்தாண்டான சோங்க்ரான் சமயத்தில் சியாங் மாய் போயிருந்தேன். நாங்கள் தங்கிய வீட்டில் பேரன் பேத்திகள் வரிசையாக மண்டியிட்டு, பாட்டியின் கைகளில் வாசனை நீர் ஊற்றி ஆசி வாங்கினார்கள். பெற்றோரைக் கைவிடாத இந்தக் குணம் அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

நீங்கள் பார்த்தது வெறும் சடங்கு இல்லை. ஏப்ரல் 13 அங்கே முதியோர் நாள், 14 குடும்ப நாள். பெற்று வளர்த்தவர்களுக்குப் பட்ட கடனை, 'புன்குன்' என்பார்கள், ஆயுசு முழுக்க அடைக்கவேண்டும் என்று சின்ன வயதிலேயே பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. சரி, அடைப்பது யார்? எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

மகன் என்றால் கல்யாணத்துக்கு முன் ஒரு மழைக்காலம், இப்போதெல்லாம் சில வாரங்கள்கூட, துறவியாக இருந்துவிட்டு வந்தால் போதும், அவனுடைய காவியாடையின் நுனியைப் பிடித்துக்கொண்டே அம்மா சொர்க்கம் போவாள் என்பது நம்பிக்கை. மகளுக்கு அந்த வழியே இல்லை. பெண்களுக்குத் துறவு தரக்கூடாது என்று 1928-இல் சங்கராஜர், அதாவது அந்நாட்டுப் பௌத்தத் துறவிகளின் தலைவர், போட்ட தடை இன்னும் நீங்கவில்லை. தம்மனந்தா என்ற தாய்லாந்துப் பெண்மணி 2003-இல் இலங்கைக்குப் போய்த்தான் பிக்குணி, அதாவது முழுமையான பெண் துறவி, ஆனார்.

ஆக, மகள் பணத்தாலும் உடம்பு உழைப்பாலும் அடைக்கிறாள். வடகிழக்கே ஈசான் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பது பழைய வழக்கம், கடைசி மகள் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டையும் பெறுவாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மழையை நம்பிய ஒருபோக நெல்லில் குடும்பம் நடக்காது, அதனால் அவள் பாங்காக்கில் தொழிற்சாலையிலோ மசாஜ் கடையிலோ வேலை பார்த்து மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறாள், அவள் பெற்ற பிள்ளையை ஊரில் பாட்டி வளர்க்கிறாள். இப்படித் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் மட்டுமே இருக்கும் வீடுகள் ஈசானில் ஏராளம். வருஷத்தில் சோங்க்ரானுக்குத்தான் பல பிள்ளைகள் அம்மா முகத்தையே பார்க்கிறார்கள்.

இதை வெறும் பண்பாடு என்று மெச்சிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. அரசு தரும் முதியோர் உதவித்தொகை 60 வயதில் மாதம் 600 பாட், 90 தாண்டினாலும் 1,000 பாட்தான். மகள் அனுப்பாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. 2023 தேர்தலில் இதை 3,000 பாட் ஆக்குவோம் என்று சில கட்சிகள் வாக்குறுதி கொடுத்தன. அது மட்டும் நடந்தால், ஊரிலேயே இருந்து தன் பிள்ளையைத் தானே வளர்க்கச் சில மகள்களுக்காவது முடியும்.