மோசே தன் மரணத்தைத் தானே எழுதினாரா? (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, ஆதியாகமம் முதல் உபாகமம் வரை ஐந்தும் மோசே எழுதியது என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் உபாகமம் 34-ல் மோசே மரித்து அடக்கமும் ஆகிவிடுகிறாரே?

பதில்: யூத வேத அறிஞர்களான ரபிமார் இதில் ரொம்ப நாள் முன்பே மல்லுக்கட்டிவிட்டார்கள். அவர்களுடைய போதனைத் தொகுப்பான தல்மூதின் பாபா பத்ரா பகுதியில் இரண்டு பதில் உண்டு. கடைசி எட்டு வசனங்கள் மோசேக்குப் பின் தலைவரான யோசுவா எழுதியவை என்பது ஒன்று. ரபி சிமியோன் ஒத்துக்கொள்ளவில்லை. ஓர் எழுத்து குறைந்தாலும் அது முழுமையான தோரா (மோசேயின் ஐந்து புத்தகங்கள்) ஆகாதே என்பது அவர் வாதம். அதுவரை கடவுள் சொல்லச் சொல்ல மோசே வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி எழுதினார். அந்த எட்டு வசனங்களுக்கு வந்ததும் கண்ணீரோடு எழுதினார் என்கிறார். மனசைத் தொடுவது இரண்டாவது பதில். ஆனால் ‘இந்நாள்வரைக்கும் ஒருவனும் அவன் பிரேதக்குழியை அறியான்’ என்ற வரியைப் பார்த்தால், யோசுவா காலம்கூட எனக்குக் கொஞ்சம் சீக்கிரமாகத்தான் படுகிறது.

கேள்வி: அப்போ சாமுவேல் புத்தகம்? அவரும் பாதியில் போய்விடுகிறாரே!

பதில்: ஆமாம், 1 சாமுவேல் 25:1-லேயே. மீதியைத் தீர்க்கதரிசிகள் காத்தும் நாத்தானும் முடித்தார்கள் என்பது மரபு. நியாயாதிபதிகளும் ரூத்தும்கூடச் சாமுவேல் கணக்கில்தான்.

கேள்வி: 150 சங்கீதமும் தாவீது பாடியதுதானே அண்ணா?

பதில்: இல்லை தம்பி. எபிரேய மூலத்தில் 73-க்குத்தான் தலைப்பில் அவர் பெயர். ஆலயப் பாடகர் ஆசாப்பின் பெயரில் 12, தொண்ணூறாவது மோசேயுடையது. அந்தத் தலைப்பில் வரும் ‘லெதாவித்’ என்ற எபிரேயச் சொல்லுக்கு ‘தாவீதுக்கு’, ‘தாவீதைச் சேர்ந்த’ என்றும் பொருள் உண்டு. 137-ஐத் திறந்து பாருங்கள்: பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுகிறார்கள். யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட அந்தச் சிறையிருப்பு தாவீதுக்கு நானூறு வருஷம் பிந்தியது. பத்து மூப்பர்களின் பாட்டையும் சேர்த்துத்தான் தாவீது எழுதினார் என்று தல்மூதும் சொல்கிறது.

கேள்வி: நீதிமொழிகளை எசேக்கியா ராஜா எழுதினார் என்று தல்மூதில் இருக்கிறதாமே? சாலொமோன் இல்லையா?

பதில்: நீதிமொழிகள் 25:1-ஐ வாசியுங்கள். சாலொமோனின் நீதிமொழிகளை எசேக்கியாவின் மனுஷர் ‘பேர்த்தெழுதியிருக்கிற’தாக, அதாவது படியெடுத்ததாக, அங்கேயே இருக்கிறது. இருவருக்கும் இடையே இருநூறு வருஷத்துக்கு மேல். ரபிமார் ‘எழுதினார்’ என்றால் தொகுத்தார், படியெடுத்தார் என்பதும் அதில் அடக்கம். இது புரியாமல்தான் பாதிச் சண்டை.

கேள்வி: எரேமியாவாவது தன் கையால் எழுதினாரா?

பதில்: அவர் சொல்ல, பாருக்கு என்ற எழுத்தன் எழுதினான். 36-ம் அதிகாரத்தில் அந்தக் காட்சி கண் முன்னே நிற்கும். குளிர்காலம், ராஜா யோயாக்கீம் கணப்புக்கு முன்னே உட்கார்ந்திருக்கிறான். யெகுதி என்பவன் மூன்று நாலு பத்தி வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் சுருளை அறுத்து நெருப்பில் போடுகிறான். சுருள் முழுக்கச் சாம்பல். எரேமியா மறுபடி சொல்ல, பாருக்கு வேறொரு சுருளில் எழுதுகிறான். முன்பு இல்லாத அநேக வார்த்தைகளும் அதில் சேர்ந்தன என்று 32-ம் வசனம் சொல்கிறது. எரித்ததில் புத்தகம் பெருத்ததுதான் மிச்சம்.