என்ன கறி வைக்க? முடிவெடுத்தே களைத்துப்போனவர்களுக்குச் சில பதில்கள்

கேள்வி: தினமும் காலையில் 'என்ன கறி வைக்க' என்று யோசித்தே அலுத்துவிட்டது. வாரப் பட்டியல் போட்டேன், மூன்றே நாளில் குலைந்தது. (இல்லத்தரசி, தக்கலை)

குலைத்தது நீங்கள் இல்லை, மீன். சாளை என்று எழுதிய நாளில் சந்தையில் அயிலைதான் கிடக்கும். மீன் பெயரை விட்டுவிட்டு அரைப்பை எழுதுங்கள்: 'ஒன்பது மணிக்குள் மீன் கிடைத்தால் புளிமுளம் (தேங்காய் அரைத்த மீன் கறி), கிடைக்காவிட்டால் கத்திரிக்காய் தீயல்.' இரண்டுக்கும் தேங்காய், மிளகாய், மல்லி, புளிதான். தீயலுக்குத் தேங்காயைக் கறுக்க வறுக்க வேண்டும், அவ்வளவே. எனவே எழுந்ததும் அரைமுறி தேங்காய் துருவி, புளியை ஊறப்போட்டுவிடலாம். எது வந்தாலும் வீணாகாது.

மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் திட்டம் போதும், வாரத்துக்கு 7 வேளை. மூன்று நேரத்துக்கும் சேர்த்து 21 எழுதினால் ஒன்று தப்பினாலே தாளைக் கிழிக்கத் தோன்றும். குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை. அந்த மாதங்களுக்குக் கருவாடு, புளிசேரி (மோர்க் கறி) என்று தனித் தாள் வையுங்கள். நாட்டுப்படகு மீன் வந்தால் அன்றைக்கு யோகம்.

கேள்வி: கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனால் மூன்று மணி நேரம் பார்த்து, கடைசியில் பிடிக்காததையே வாங்குகிறேன். (நாகர்கோவில்)

வீட்டிலேயே உச்ச விலையையும் வேண்டாத நிறங்களையும் முடிவு செய்துவிட்டு, சாப்பிட்டுக் கிளம்புங்கள். கடையில் முதலில் விலையைச் சொல்லுங்கள். பொருந்துகிற நான்கை மட்டும் ஒதுக்கி வையுங்கள். ஐந்தாவது உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகணும். 1978இல் பொருளியல் நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் சொன்ன வழியும் இதை ஒட்டியதுதான்: ஆகச் சிறந்ததைத் தேடாமல், போதுமானது கிடைத்ததும் நிறுத்துவது. பில் போட்டபின் பக்கத்துக் கடையில் விலை கேட்கவே கூடாது.

கேள்வி: சாயங்காலம் மூளை ஓடாதபோது சீனி தூக்கலாக ஒரு சாயா குடித்தால் தெளியுமா? (குலசேகரம்)

அதை நம்பவேண்டாம். மன உறுதி செலவாகித் தீரும் என்று 1998இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழு சொன்னது. சர்க்கரை அதை மீட்டுத் தரும் என்ற கதை பின்னால் ஒட்டிக்கொண்டது. 2016இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது அந்தத் தீர்தலே ஏறக்குறையத் தெரியவில்லை. களைப்பு பொய்யில்லை. ஆனால் பசியா, தூக்கமின்மையா என்று பாருங்கள்; கையெழுத்துப் போடும் வேலையைக் காலைக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: தம்பிமார் இருவரும் வளைகுடாவில். அம்மாவின் மருந்து முதல் கரண்ட் பில் வரை என் தலையில். கேட்டால் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்கிறார்கள். (மார்த்தாண்டம்)

அபிப்பிராயம் கேட்பதே கூடுதல் வேலை. முடிவையே பிரித்துக் கொடுங்கள். கரண்ட் பில், வீட்டு வரி, இன்சூரன்ஸ் எல்லாம் ஆன்லைனில் கட்டலாம். அவை முழுக்க ஒரு தம்பிக்கு. தவறினால் அபராதமும் அவர் பொறுப்பு. நினைவூட்டுவதைக்கூட நீங்கள் செய்யாதீர்கள்; செய்தால் வேலை திரும்பி உங்களிடமே வரும். வைத்தியத்தில் 2,000 ரூபாய்க்குள் என்றால் யாரையும் கேட்காமல் செய்வது, மேலே போனால் ஞாயிறு ஒரே போன் என்று பேசிவையுங்கள்.

கேள்வி: எந்தச் சட்டை போடுவதென்றுகூடத் தெரியவில்லை. தூக்கமும் இல்லை, எதிலும் பிடிப்பும் இல்லை. ஒரு மாதமாகிறது. (இரணியல்)

இதற்குப் பட்டியல் உதவாது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். முடிவெடுக்க முடியாமை அதன் அறிகுறிகளில் ஒன்று. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழைக்கலாம்; இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம்.