பேட்டரி இரண்டரை வாரத்தில் தீர்ந்துபோனால் முதலில் கேபிள் செருகும் ஜாக்கைப் பாருங்கள்

கேள்வி: இரண்டு வால்யூம், ஒரு டோன் உள்ள நான்கு கம்பி பேஸ் கிட்டார் வைத்திருக்கிறேன். கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பழைய பேசிவ் (பேட்டரி தேவைப்படாத) பிக்கப்புகளை எடுத்துவிட்டு இரண்டு ஆக்டிவ் பிக்கப்புகளும், டோன் இருந்த இடத்தில் மூன்று பேண்ட் ப்ரீஆம்பும் மாட்டினேன். வால்யூம் பாட்கள் (குமிழுக்கு அடியில் உள்ள, திருகினால் மாறும் மின்தடைகள்) பழையவைதான், 250கே, அதாவது 250 கிலோ ஓம். இரைச்சலைத் தடுக்க உள்குழி முழுக்கத் தாமிர ஃபாயில் ஒட்டியிருக்கிறேன். ஒலி நன்றாக வருகிறது. ஆனால் வால்யூமைக் குறைக்கும்போது கடைசி வரை மாற்றமே தெரியாமல், பிறகு சட்டென்று நின்றுவிடுகிறது. கேபிளைக் கழற்றித்தான் வைக்கிறேன், இருந்தும் புது பேட்டரி இரண்டரை வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. ஆக்டிவ் பிக்கப்பும் ப்ரீஆம்பும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதா? கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்டு ஒயரை வெட்டச் சொல்கிறார்களே, வெட்டலாமா? 18 வோல்ட் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக ஒத்துவரும். எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். கோளாறு இரண்டே இடத்தில்தான்: ஒன்று ஜாக், மற்றொன்று அந்த 250கே பாட்கள்.

குழப்பத்துக்குக் காரணம், 'ஆக்டிவ் பேஸ்' என்று இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் கிட்டாரில் ப்ரீஆம்ப் பேட்டரியில் ஓடியது, பிக்கப் சாதாரண பேசிவ். ஆக்டிவ் பிக்கப் என்பது வேறு. அதில் காயிலோடு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கும். காயிலின் பலவீனமான சிக்னலைக் கேபிளில் கெடாத அளவுக்கு வலுவாக்கி வெளியே அனுப்புவதே அதன் வேலை. பேஸ், மிட், ட்ரெபிள், அதாவது கனத்த, நடு, கூர்மையான ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது ப்ரீஆம்பின் வேலை. வேலை வேறு வேறு என்பதால் இரண்டும் ஒரே பேட்டரியைப் பகிர்ந்துகொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

பேட்டரி விஷயத்தில் நீங்கள் சொன்ன 'இரண்டரை வாரம்' நல்ல துப்பு. 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியில் ஏறக்குறைய 500 மில்லி ஆம்பியர்-மணி சக்தி இருக்கும். உங்கள் பிக்கப்புகளும் ப்ரீஆம்பும் சேர்ந்து 1.2 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் 400 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். தினமும் ஒரு மணி நேரம் வாசித்தால் அது ஒரு வருடத்துக்கும் மேல். இரவு பகலாக நிற்காமல் ஓடினால் 17 நாள். கணக்கு அப்படியே பொருந்துகிறது, பாருங்கள். கேபிளைக் கழற்றிய பிறகும் உங்கள் கிட்டார் அணையவே இல்லை.

ஆக்டிவ் கிட்டாருக்கு ஸ்டீரியோ ஜாக் போடுவது ஸ்டீரியோ ஒலிக்காக அல்ல, அதுதான் ஸ்விட்ச். அதில் மூன்று முனைகள்: சிக்னலுக்கு டிப், கிரவுண்டுக்கு (மின்சாரம் திரும்பும் பொது இணைப்புக்கு) ஸ்லீவ், இரண்டுக்கும் இடையில் ரிங். பேட்டரியின் கறுப்பு ஒயர் ரிங் முனையில் இருக்க வேண்டும். சாதாரண மோனோ பிளக்கைச் செருகியதும் அதன் உடல்பகுதி ரிங்கையும் ஸ்லீவையும் இணைத்துவிடும், பேட்டரி கிரவுண்டுக்கு வந்து சேரும். கழற்றினால் அறுந்துவிடும். கறுப்பு ஒயரை நேராகக் கிரவுண்டில் வைத்துவிட்டால் இந்த ஸ்விட்சே இல்லை.

ஒயர் சரியான இடத்தில் இருந்தாலும் இன்னொரு வழி இருக்கிறது. என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். நீங்கள் ஒட்டிய ஃபாயில் கிரவுண்டோடு இணைந்தது. ஜாக்கின் நட்டு சற்றுத் தளர்ந்து, ஜாக் கால் சுற்று திரும்பினாலே போதும், ரிங் முனை ஃபாயிலைத் தொட்டுவிடும். ஒலியில் ஒரு வித்தியாசமும் தெரியாது, பேட்டரி மட்டும் கரையும். டிப் முனை தொட்டிருந்தால் ஒலியே நின்று உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். ஜாக்கைச் சுற்றி உள்ள ஃபாயில் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, நட்டை இறுக்குங்கள்.

எந்த முனை எது என்று கண்ணால் ஊகிக்க வேண்டாம். பேட்டரியை எடுத்துவிடுங்கள். மறுமுனை எதிலும் செருகாத ஒரு கேபிளை ஜாக்கில் செருகி மல்டிமீட்டரில் மின் தொடர்ச்சி பாருங்கள். ஒன்றோடொன்று சேரும் இரண்டு முனைகள் ரிங்கும் ஸ்லீவும், தனித்து நிற்பது டிப். இப்போது கேபிளைக் கழற்றுங்கள். ஜாக்கின் உலோகக் கழுத்தோடு இன்னும் தொடர்ச்சி காட்டுவது ஸ்லீவ். மிச்சம் இருப்பது ரிங். அதுவும் தொடர்ச்சி காட்டினால் கோளாறு கையில் கிடைத்துவிட்டது.

சரி, வால்யூமுக்கு வருவோம். இரண்டு வால்யூம் உள்ள பேஸில் பிக்கப் ஒயர் பாட்டின் நடுக்காலுக்கும், வெளியே போகும் ஒயர் ஓரக்காலுக்கும் போகும். ஒரு வால்யூமை மூடினால் மற்றதும் சேர்ந்து மூடிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இதில் ஒலி குறைய வேண்டுமானால், நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலான மின்தடை பிக்கப்பின் சொந்தத் தடைக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். ஆக்டிவ் பிக்கப்பின் வெளியீட்டுத் தடை மிகக் குறைவு, உதாரணமாக இ.எம்.ஜி. நிறுவனத்தின் பிக்கப்புகளில் 10கே. 250கே பாட்டில் அந்த 10கே வருவது திருப்பத்தின் கடைசித் துளியில்தான். அதனால்தான் வால்யூம் ஸ்விட்ச் போல நடந்துகொள்கிறது. கால்களை இடம் மாற்றினால் இது சரியாகும், ஆனால் ஒன்றை மூடினால் இரண்டும் மூடும். ஆகவே 25கே ஆடியோ டேப்பர் (காதுக்கு ஒலி சீராகக் குறையும் வகை) பாட்கள் இரண்டு வாங்குங்கள், ஒயரிங் அதே. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: பேசிவ் பிக்கப்புக்கு 25கே போட்டால் ட்ரெபிள் எல்லாம் செத்து ஒலி மங்கிவிடும். ஒரு ஆக்டிவும் ஒரு பேசிவும் கலந்து சாதாரண பிளெண்ட் பாட்டில் (இரண்டு பிக்கப்புகளையும் ஒரே குமிழில் கலக்கும் பாட்டில்) இணைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிக்னல் போகும் வரிசை: பிக்கப், 25கே வால்யூம்கள், ப்ரீஆம்பின் உள்ளீடு, அதன் வெளியீட்டிலிருந்து ஜாக்கின் டிப். மின்சாரம் தனி வழி: பிக்கப்புகள், ப்ரீஆம்ப், பேட்டரி ஆகியவற்றின் பாசிட்டிவ் ஒயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேரட்டும். நிறத்தை மட்டும் நம்பாமல், கூட வந்த படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சால்டர் வைக்கும்போது பேட்டரி கிட்டாரிலேயே இருக்கக் கூடாது. இன்னொன்று, பேட்டரியைத் தலைகீழாக ஒரு கணம் தொட்டாலும் தலைகீழ் மின்சாரத்தைத் தடுக்கும் டையோடு என்ற பாகம் இல்லாத ப்ரீஆம்ப் போய்விடும். அவசரத்தில் நிறையப் பேர் இதில்தான் பணத்தை இழக்கிறார்கள், தயவுசெய்து கவனம்.

பிரிட்ஜ் ஒயரைப் பொறுத்தவரை, உங்கள் பிக்கப்புடன் வந்த குறிப்பு சொல்வதைக் கேளுங்கள். இ.எம்.ஜி. போன்றவை உள்ளேயே ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உறை) செய்யப்பட்டவை என்பதால் கம்பிகளுக்குக் கிரவுண்டு தேவையில்லை, எடுத்துவிடவே சொல்கிறார்கள். அதில் பாதுகாப்பும் இருக்கிறது. ஆம்ப்பின் எர்த்தில் கோளாறு இருக்கும் மேடையில், கையில் கம்பியும் உதட்டில் மைக்கும் இருந்தால் மின்சாரம் உங்கள் உடல் வழியாகத்தான் போகும். வெட்டாமல், பாட்டின் முதுகில் உள்ள முனையைக் கழற்றி டேப் சுற்றி வையுங்கள். நாளை பேசிவ் பிக்கப்புக்குத் திரும்பினால் அந்த ஒயர் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் கம்பியில் கை வைத்தாலும் இரைச்சல் அடங்காது.

18 வோல்ட் தந்தால் ஒலி அளவு அதிகரிக்காது, பலமாக அடிக்கும்போது சிக்னல் உடையாமல் இருக்க இடம் கிடைக்கும். பேஸ் குமிழை முழுக்கத் திருப்பி ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து) வாசிப்பவர் என்றால் பயன் தெரியும். பிக்கப், ப்ரீஆம்ப் இரண்டுமே 18 தாங்கும் என்று எழுத்தில் இருந்தால் மட்டும் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணையுங்கள். எல்லாம் முடிந்து மூடியைத் திருகுவதற்கு முன், பேட்டரியோடு தொடராக மீட்டரை மில்லி ஆம்பியரில் வையுங்கள். கேபிள் செருகினால் சிறிய அளவு காட்டி, கழற்றினால் சுழியம் வந்தால் மூடிவிடலாம்.